94 டெசிபல் சத்தத்தில் ஒரு எல்இடி எரியுமா? ஒலியிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்த்த ஒரு நிகழ்வு ஆய்வு

மல்டிமீட்டரில் 6.2 வோல்ட். எல்இடியைக் கோர்த்தால் எரியவில்லை. என்னைக் கூப்பிட்டபோது சொன்ன புகார் இவ்வளவுதான்.

இடம் ஒரு புளோயர் அறை, அதாவது காற்றை ஊதித் தள்ளும் பெரிய விசிறி இயந்திரம் இருக்கும் அறை. 15 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 1,475 சுற்று, எட்டு இறக்கை வைத்த விசிறி. உள்ளே நின்றால் பக்கத்தில் இருப்பவரின் காதோடு வாய் வைத்துத்தான் பேச முடியும். சத்தம் அளக்கும் மீட்டர் 94 டெசிபல் காட்டியது. விசிறியின் பேரிங் மேல் சின்னதாக ஒரு வயர்லெஸ் வெப்பநிலை சென்சார் ஒட்டியிருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையை அனுப்பும். அதன் பேட்டரியை மாற்ற வேண்டுமென்றால் புளோயரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டி ஓட்ட வேண்டும். பேட்டரியின் விலை ஒன்றுமில்லை, நிறுத்துவதுதான் தொல்லை.

அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஓர் இளம் பொறியாளருக்கு ஒரு யோசனை வந்தது. இவ்வளவு சத்தம் சும்மா போகிறதே, இதிலிருந்தே அந்தச் சென்சாருக்கு மின்சாரம் எடுத்தால் என்ன? யோசனையில் தப்பே இல்லை. ஒலி ஓர் ஆற்றல், பைசோ வில்லை அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றும், இரண்டும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவர் 35 மில்லிமீட்டர் பித்தளைப் பைசோ வில்லைகள் இருபதை ஒரு பிளைவுட் பலகையில் ஒட்டினார். பேட்டரிகளைக் கோர்ப்பது மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் சாலிடர் செய்தார். காற்றுக்குழாயைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பலகையை நான்கு திருகு போட்டு முடுக்கினார். இரண்டு ஒயரை மூன்று மீட்டர் இழுத்து மீட்டரில் கொடுத்தார். ஏசி 6.2 வோல்ட் வந்தது. படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார். அதற்கப்புறம்தான் எல்இடி எரியவில்லை.

"எங்கேயோ ஒரு சாலிடர் விட்டிருக்கும் சார்" என்றார். எல்லாச் சாலிடரும் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் காகிதத்தில்

பலகையைத் தொடுவதற்கு முன்னால் அந்த அறையில் எவ்வளவு ஒலி ஆற்றல் இருக்கிறது என்று கணக்குப் போட்டோம். இந்த வேலையில் பெரும்பாலோர் தாண்டிப் போகிற படி இதுதான். மாற்றும் கருவியின் திறன் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், மாற்றுவதற்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள்.

டெசிபல் அளவுகோலின் பூஜ்யம் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு ஏறும். 60 டெசிபலில், அதாவது சாதாரணப் பேச்சில், சதுர மீட்டருக்கு ஒரு மைக்ரோவாட். 90 டெசிபலில் ஒரு மில்லிவாட். 120 டெசிபலில், காது வலிக்கத் தொடங்கும் இடத்தில், ஒரு வாட். நல்ல வெயிலில் அதே சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் விழுகிறது. காதே கிழிந்துவிடும் போலிருக்கும் சத்தம் வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

எங்கள் 94 டெசிபல் என்பது சதுர மீட்டருக்கு 2.5 மில்லிவாட். அழுத்தமாகச் சொன்னால் ஒரு பாஸ்கல். நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம் பாஸ்கல், அதன் மேல் ஒரே ஒரு பாஸ்கல் ஏறி இறங்குவதைத்தான் நாம் காது அடைக்கும் இரைச்சல் என்கிறோம். காது அவ்வளவு நுட்பமானது. சத்தம் பெரிதாகக் கேட்பதற்குக் காரணம் அதில் நிறைய ஆற்றல் இருப்பதல்ல, துளியைக்கூட விடாமல் பிடிக்கிற காது நமக்கு இருப்பதுதான்.

அப்புறம் அறை முழுவதற்கும் கணக்குப் போட்டோம். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்த்து ஒலியை உறிஞ்சும் அளவு சுமார் 20 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்று வைத்தோம். அப்படிப்பட்ட அறையில் 94 டெசிபலைத் தொடர்ந்து நிறுத்தி வைக்க, இயந்திரம் வெளியே விடும் மொத்த ஒலிச்சக்தி 12 மில்லிவாட் இருந்தால் போதும். மறுபடி சொல்கிறேன், 12 மில்லிவாட். 15,000 வாட் இழுக்கிற இயந்திரம் அறையையே அதிர வைத்துக்கொண்டு சத்தமாக வெளியே விடுவது அவ்வளவுதான். சாதாரண எல்இடி ஒன்று 20 மில்லியாம்பியரில் ஏறக்குறைய 40 மில்லிவாட் எடுக்கும். அறைக்குள் இருக்கும் சத்தத்தை ஒரு சொட்டு விடாமல் துடைத்து எடுத்து, நூறு சதவீதத் திறனோடு மாற்றினாலும் அந்த எல்இடி முழு வெளிச்சத்தில் எரியாது.

அவர் கால்குலேட்டரை வாங்கி இரண்டு முறை போட்டுப் பார்த்தார். அதே விடைதான்.

ஆனால் இதோடு கதை முடியவில்லை, ஏனென்றால் சென்சாருக்கு அவ்வளவு வேண்டாம். தூங்கும்போது 3 வோல்ட்டில் 2 மைக்ரோஆம்பியர், அதாவது 6 மைக்ரோவாட். ஒரு முறை தகவல் அனுப்ப 10 மில்லியாம்பியர், 20 மில்லிசெகண்ட், 0.6 மில்லிஜூல். ஐந்து நிமிடத்துக்குப் பரப்பினால் சராசரி 2 மைக்ரோவாட். கூட்டினால் 8 மைக்ரோவாட். 12 மில்லிவாட் இருக்கிற அறையில் 8 மைக்ரோவாட் கேட்பது பேராசை இல்லை. ஆக, யோசனையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. இதுவரை என்ன வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

6.2 வோல்ட் எங்கிருந்து வந்தது

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. புளோயரை நிறுத்தினோம். அறை அமைதியானது. பல நாள் கழித்து அந்த அறையில் மனிதக் குரல் கேட்டது. மீட்டரைப் பார்த்தால் 3.9 வோல்ட்.

சத்தமே இல்லாதபோது ஒலி மின்சாரம் 3.9 வோல்ட்! இளம் பொறியாளரின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். எனக்கும் ஒரு காலத்தில் இதே நடந்திருக்கிறது, அதனால் சிரிக்கவில்லை.

விஷயம் இது. பைசோ வில்லை என்பது ஒரு சின்ன மின்தேக்கி. 35 மில்லிமீட்டர் வில்லை ஒன்று சுமார் 30 நானோஃபாரட். இருபதைத் தொடராகக் கோர்த்தால் 1.5 நானோஃபாரட்தான் மிஞ்சும். 50 ஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு, அதாவது ஏசி மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, இரண்டு மெகாஓமுக்கு மேல். மீட்டரின் உள்மறுப்பு 10 மெகாஓம். இப்படி ஒரு சுற்றில் மூன்று மீட்டர் வெறும் ஒயரை, மின்சாரம் ஓடும் மற்ற கேபிள்கள் கிடக்கும் தட்டை ஒட்டி இழுத்தால், அந்த ஒயர் ஆண்டெனாவாகிவிடும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். மின்னலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் போட்டதும் 20 மில்லிசெகண்டுக்கு ஓர் அலை என்று அழகாகத் தெரிந்தது. விசிறியின் ஒலி அப்படி இருக்க முடியாது. நிமிடத்துக்கு 1,475 சுற்று, எட்டு இறக்கை, ஆகவே நொடிக்கு 197 முறை இறக்கை காற்றை அறைகிறது. உண்மையான சமிக்ஞை 197 ஹெர்ட்ஸில் வர வேண்டும்.

கவசம் போட்ட ஒயரை மாற்றி, கவசத்தை எர்த்தில் கட்டினோம். புளோயர் நின்றிருக்கும்போது மீட்டர் சுழியைத் தொட்டது. ஓட்டினோம். 4.8 வோல்ட். இந்த முறை ஸ்கோப்பில் 197 ஹெர்ட்ஸ் தெளிவாக இருந்தது, கூடவே சுழற்சி வேகமான 25 ஹெர்ட்ஸ் கொஞ்சம். எல்இடியை, ஏசியை டிசி ஆக்கும் டயோடு பிரிட்ஜ் வழியாகக் கொடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு கையையும் குவித்து உள்ளே பார்த்தேன். சிவப்பாக, ஊதினால் அணைந்துவிடும் தணல் போல ஒரு புள்ளி. எரிந்தது!

அவர் துள்ளிக் குதித்தார். நான் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பத்து சென்டிமீட்டர் தடிமனான நுரைப் பஞ்சை எடுத்துப் பலகையின் மேல் முழுவதுமாக மூடினோம். ஒலிதான் இந்த மின்சாரத்தைக் கொடுக்கிறது என்றால் மூடியதும் மின்னழுத்தம் நன்றாகக் குறைய வேண்டும். 4.8 என்பது 4.7 ஆனது.

அப்படியானால் மின்சாரம் காற்று வழியாக வரவில்லை. நான்கு திருகு வழியாக வருகிறது. இரும்புச் சட்டம் புளோயரோடு சேர்ந்து அதிர்கிறது, சட்டம் பலகையை அசைக்கிறது, பலகை வளையும்போது வில்லையும் வளைகிறது. இது அதிர்வு மின்சாரம், ஒலி மின்சாரம் இல்லை. காணொளிகளில் காட்டப்படும் 'ஒலியிலிருந்து மின்சாரம்' செயல்விளக்கங்களில் பலவற்றில் நடப்பதும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். ஸ்பீக்கர் பெட்டியின் மேலேயே வில்லையை வைப்பார்கள், அல்லது விரலால் தட்டுவார்கள். தட்டினால் பைசோ இருபது முப்பது வோல்ட்கூடக் கொடுக்கும். பேசினால் கொடுக்காது.

கடைசியாகத் திருகுகளைக் கழற்றி, பலகையை ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டோம். அதே இடம், அதே சத்தம். 0.3 வோல்ட். பஞ்சால் மூடினால் இன்னும் இறங்கியது. இதுதான் காற்று வழியாக வந்த நிஜமான ஒலி. இருபது வில்லையும் சேர்ந்து 0.3 வோல்ட், அதுவும் 197 ஹெர்ட்ஸில் 540 கிலோஓம் மின்மறுப்புக்குப் பின்னால். பொருத்தமான சுமை வைத்தால் கிடைப்பது 0.08 மைக்ரோவாட். சென்சாருக்கு வேண்டியதில் நூற்றில் ஒன்று.

6.2 என்று தொடங்கி 0.3இல் வந்து நின்ற அந்தச் சரிவுதான் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி. இதில் புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. நிறுத்திப் பார்த்தோம், மூடிப் பார்த்தோம், தொங்கவிட்டுப் பார்த்தோம்.

ஏன் இவ்வளவு குறைவு

1880இல் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் குவார்ட்ஸ், டூர்மலின், ரோஷல் உப்பு போன்ற படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் தோன்றுவதைக் காட்டினார்கள். அழுத்தினால் என்பதை அடிக்கோடிட வேண்டும். இன்றைய பைசோ பீங்கானும் கல் மாதிரி இறுகியது. காற்றோ மெத்தென்றது. ஒலி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைய, மின்மறுப்பு மாதிரியான ஒரு குணம், ஒலிமறுப்பு, இரண்டிலும் ஒத்துப் போக வேண்டும். காற்றுக்கு அது சுமார் 413. தண்ணீருக்கு 15 லட்சம். பைசோ பீங்கானுக்கு மூன்று கோடியின் பக்கம். திண்ணமான ஒரு பீங்கான் துண்டின் மேல் காற்றிலிருந்து ஒலி மோதினால், உள்ளே போவது லட்சத்தில் ஐந்தாறு பங்கு. மிச்சமெல்லாம் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பிவிடும்.

மெல்லிய பித்தளைத் தகட்டில் பீங்கானை ஒட்டுவதன் நோக்கமே இந்த இறுக்கத்தைக் குறைப்பதுதான். தகடு வளையும், அதனால் நிலைமை கொஞ்சம் தேவலை. ஆனால் அந்தத் தகடு இயல்பாகப் பாடும் அதிர்வெண் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் இருக்கிறது. பஸர்களின் கீச்சுக் குரலுக்கு அதுதான் காரணம். 197 ஹெர்ட்ஸில் அது விறைத்துக்கொண்டு நிற்கும்.

அதற்கு மேல் டயோடு. ஏசியை டிசி ஆக்காமல் மின்தேக்கியில் சேர்க்க முடியாது. சாதாரணச் சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட்டுக்குக் கீழே கதவைத் திறக்காது. ஷாட்கி வகை என்றால் 0.2, 0.3. பிரிட்ஜில் ஒரே நேரத்தில் இரண்டு டயோடைக் கடக்க வேண்டும். எங்கள் 0.3 வோல்ட் வாசலில் நின்று திரும்பிப் போய்விடும். இதனால்தான் 'கொஞ்சமாகக் கிடைத்தாலும் நாள் முழுக்கச் சேர்த்து வைக்கலாமே' என்ற வாதம் இங்கே எடுபடுவதில்லை. சேர்த்து வைக்கிற உண்டியலின் துளைக்குள்ளேயே காசு நுழையவில்லை.

புட்டியால் ஒரு முயற்சி

காலிப் புட்டியின் வாயில் குறுக்காக ஊதினால் 'பூம்' என்று ஒரே சுரத்தில் சத்தம் வரும். கழுத்தில் இருக்கும் காற்று ஓர் எடை, வயிற்றில் இருக்கும் காற்று ஒரு ஸ்பிரிங். ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட உருண்டைகளைக் காதில் வைத்து, கலந்து வரும் ஒலியிலிருந்து ஒரு சுரத்தை மட்டும் பிரித்துக் கேட்டார். தலைகீழாகவும் இது வேலை செய்யும். வெளியே அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டிருந்தால் புட்டிக்குள் அழுத்தம் பல மடங்காகும்.

எங்களுக்கு 197 ஹெர்ட்ஸில் பாடும் புட்டி வேண்டும். கழுத்தின் உள்விட்டம் 22 மில்லிமீட்டர், நீளம் 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் வயிறு 450 மில்லி இருக்க வேண்டும் என்றது சூத்திரம். கழுத்து ஏறக்குறைய அதே அளவில் இருந்த ஒரு பெரிய புட்டியை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, ஊதி ஊதி, செல்போனில் அதிர்வெண் காட்டும் செயலியைப் பார்த்துக்கொண்டே போனோம். தண்ணீர் ஏற ஏறச் சுரம் ஏறியது. 197ஐத் தொட்டதும் நிறுத்தி, மிச்சமிருந்த காலியிடத்தை அளந்தால் 440 மில்லி. சூத்திரத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது.

அதே கொள்ளளவில் பிவிசி குழாயில் ஒரு கூடு செய்து, பின்பக்கச் சுவராக ஒரு பைசோ வில்லையை ஒட்டினோம். ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டோம், பழைய தப்பை மறுபடி செய்யக்கூடாது அல்லவா. அறையில் 197 ஹெர்ட்ஸ் சுரம் மட்டும் 88 டெசிபல், அதாவது 0.5 பாஸ்கல். கூட்டுக்குள் சின்ன மைக்கை விட்டு அளந்தபோது 9 பாஸ்கல், 113 டெசிபல். பதினெட்டு மடங்கு! ஒற்றை வில்லையில் 0.09 வோல்ட், 0.15 மைக்ரோவாட். பலகையில் இருபது வில்லை சேர்ந்து கொடுத்ததைவிட இந்த ஒன்று இரண்டு மடங்கு கொடுத்தது.

இங்கே ஓர் ஆச்சரியமான இயற்பியல் இருக்கிறது. புட்டியின் வாய் 4 சதுர சென்டிமீட்டர்கூட இல்லை, அதன் வழியாக எவ்வளவுதான் உள்ளே போய்விடும் என்று தோன்றும். ஆனால் சரியாகச் சுருதி சேர்ந்த கூடு, தன் வாயைவிட மிகப் பெரிய பரப்பிலிருந்து ஒலியை இழுத்துக்கொள்ளும். அதன் உச்சவரம்பு அலைநீளத்தின் வர்க்கத்தை 4π ஆல் வகுத்தால் கிடைக்கும் பரப்பு. 197 ஹெர்ட்ஸின் அலைநீளம் 1.76 மீட்டர், ஆகவே வரம்பு கால் சதுர மீட்டர். வாயைவிட 600 மடங்குக்கும் மேல். 88 டெசிபலில் அந்தப் பரப்பில் விழுவது சுமார் 150 மைக்ரோவாட். எங்களுக்குத் தேவை 8. ஒரே ஒரு கூட்டை வைத்தே, இயற்பியல் இடம் கொடுக்கிறது. தடுப்பது வில்லையின் விறைப்பு.

சரி, விறைப்பில்லாத ஒன்றை வைத்துப் பார்ப்போம் என்று நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்றைத் தலைகீழாகப் பயன்படுத்தினோம். ஸ்பீக்கர் ஒரு மோட்டார், தள்ளினால் ஜெனரேட்டர். 1876இல் கிரஹாம் பெல் காட்டிய தொலைபேசியும் குரலின் ஆற்றலாலேயே கம்பியில் மின்னோட்டத்தை உண்டாக்கியது. பேட்டரி இல்லாமல் பேச்சின் சக்தியிலேயே இயங்கும் தொலைபேசிகள் கப்பல்களில் பல காலமாக இருக்கின்றன. எல்லா மின்சாரமும் போன பிறகும் மேல்தளத்திலிருந்து இயந்திர அறைக்குப் பேச முடியும். அங்கே மின்சாரம் வேறெந்த வேலையும் செய்ய வேண்டியதில்லை, மறுமுனையில் ஒரு காதை எட்டினால் போதும். அந்த நுட்பமான காதுதான் அந்தக் கருவியைச் சாத்தியமாக்குகிறது.

எங்கள் ஸ்பீக்கர், கூடு இல்லாமலேயே, 2 மைக்ரோவாட்டைத் தொட்டது. பைசோவைவிடப் பத்து மடங்குக்கு மேல். ஆனால் மின்னழுத்தம் 6 மில்லிவோல்ட். டயோடின் வாசலுக்கு அது கொசு. சின்ன ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாகப் போட்டும் 70 மில்லிவோல்ட்டைத் தாண்டவில்லை. இன்னும் நான்கைந்து ஸ்பீக்கர், சுருதி சேர்த்த கூடுகள், நன்றாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் என்று போனால் 8 மைக்ரோவாட்டை எட்டியிருக்கலாம். தீப்பெட்டி அளவு சென்சாருக்கு ஒரு பீரோ அளவு மின்நிலையம்.

போதாக்குறைக்கு மதியம் மூன்று மணிக்குப் பிவிசி கூட்டின் மின்னழுத்தம் பாதியாகியிருந்தது. யாரும் எதையும் தொடவில்லை. காலையில் 25 டிகிரியாக இருந்த அறை 40 ஆகியிருந்தது. வெப்பக் காற்றில் ஒலி வேகமாக ஓடும், கூட்டின் சுரம் 197இலிருந்து 202க்கு ஏறிவிட்டது. விசிறியோ அதே 197இல்தான் இருந்தது. கூர்மையாகச் சுருதி சேர்த்தால் அதிகம் கிடைக்கும், ஆனால் ஐந்து ஹெர்ட்ஸ் பிசகினால் பாதி மின்னழுத்தம் போய்விடும்.

ஆய்வகங்களில் வந்த எண்கள்

இந்த இடத்தில் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆய்வுக் கட்டுரைகளில் மில்லிவாட் கணக்கில் எடுத்திருக்கிறார்களே, அது எப்படி?

எத்தனை டெசிபலில் என்று பார்க்க வேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 2006இல் வெளிவந்த ஒரு நுண்கருவி சதுர சென்டிமீட்டருக்கு 0.34 மைக்ரோவாட் கொடுத்தது, 149 டெசிபலில். அதே குழுவினரின் 2008 ஹெல்ம்ஹோல்ட்ஸ் கருவி 30 மில்லிவாட் வரை கொடுத்தது, 161 டெசிபலில். 161 டெசிபல் என்றால் சதுர மீட்டருக்கு 12,000 வாட்டுக்கு மேல். ஜெட் எஞ்சினின் உட்சுவர் மாதிரியான இடத்தை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. அங்கே மனிதன் நிற்க முடியாது. 2015இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் காகிதத்தில் செய்த உராய்வு மின் படலம் 117 டெசிபலில் சதுர மீட்டருக்கு 121 மில்லிவாட் கொடுத்தது. 117 டெசிபலில் வந்து விழுவதே அரை வாட்தான், அதில் கால் பங்கை எடுத்திருக்கிறார்கள். அபாரமான வேலை. ஆனால் அதே படலம் அதே திறனோடு 60 டெசிபல் பேச்சின் முன் நின்றால் சதுர மீட்டருக்குக் கால் மைக்ரோவாட்.

நெடுஞ்சாலை ஓரத்து ஒலித்தடுப்புச் சுவரில் மின்சாரம் எடுக்கலாம் என்பதும் அடிக்கடி கேட்கும் யோசனை. ஒரு கிலோமீட்டர் நீளம், நான்கு மீட்டர் உயரம், 80 டெசிபல். 4,000 சதுர மீட்டரில் மொத்தமாக வந்து மோதுவது 0.4 வாட். ஒரு செல்போன் சார்ஜரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எட்டு வருடம் ஏழு மாதம் ஆறு நாள் கத்தினால் ஒரு கோப்பை காபி சுட வைக்கலாம் என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதைக்கூடப் போட்டுப் பார்த்தோம். உரக்கக் கத்தும் குரல் ஒரு மில்லிவாட் என்றால், 200 மில்லியை 50 டிகிரி ஏற்ற ஒன்றே கால் வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். மூச்சு விடாமல்.

ஒலி ஆற்றல் நிஜமாகவே பெரிதாக இருக்கும் இடங்களும் உண்டு, ஆனால் அவை நாம் கேட்கும் இடங்கள் அல்ல. லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தில் ஸ்காட் பாக்ஹவுஸ், கிரெக் ஸ்விஃப்ட் இருவரும் 1999இல் அறிவித்த வெப்ப ஒலி எஞ்சினில், 30 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த ஹீலியத்துக்குள் 710 வாட் ஒலி ஓடியது. வெப்பத்தை ஒலியாக்கும் திறன் 30 சதவீதம். நகரும் பிஸ்டன் இல்லை. அந்த ஒலியை மின்னாக்கி மூலம் மின்சாரமாக்கலாம். இன்னொன்று, உடலுக்குள் வைக்கும் கருவிகளுக்கு வெளியிலிருந்து மீயொலியால் (அல்ட்ராசவுண்ட்) மின்சாரம் கொடுப்பது. சதை ஏறக்குறைய தண்ணீர் மாதிரி, அதிலிருந்து பைசோவுக்குள் ஒலி நுழைவது காற்றிலிருந்து நுழைவதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு எளிது. நோயறியும் மீயொலிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர சென்டிமீட்டருக்கு 720 மில்லிவாட், எங்கள் புளோயர் அறையைவிட முப்பது லட்சம் மடங்கு. இரண்டிலும் ஒலி குப்பையாகக் கிடந்து பொறுக்கப்பட்டதல்ல, வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது.

கடைசியில் மாட்டியது

பலகை சொன்னதைத்தான் நாங்கள் கடைசியில் கேட்டோம். திருகு போட்டு முடுக்கியபோது 4.8 வோல்ட், தொங்கவிட்டபோது 0.3. சட்டத்தின் அதிர்வு காற்றில் ஒலியாவதற்கு முன்னாலேயே அதைப் பிடித்துவிட்டால், இந்த ஒலிமறுப்புத் தகராறே கிடையாது.

பேரிங்கின் வெளியுறையில் ஒரு சின்ன நாக்கு மாதிரி பைசோ பட்டையை மாட்டி, நுனியில் எடை ஒட்டி, சுழற்சி வேகமான 24.6 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்தோம். நுனி எடையைக் கிராம் கிராமாகக் கூட்டிக் குறைத்துச் சேர்க்க ஒரு முழு மதியம் போனது. டயோடுகளைத் தாண்டி 120 மைக்ரோவாட் வந்தது. 0.1 ஃபாரட் சூப்பர் கேபாசிட்டர் 3.3 வோல்ட்டுக்கு ஏற ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சென்சார் முதல் தகவலை அனுப்பியபோது அவர் படம் எடுக்கவில்லை. நேராகப் போய்ப் புளோயரை நிறுத்தினார், கேபாசிட்டர் இறங்குகிறதா என்று பார்க்க. கணக்குப்படி 3.3இலிருந்து 2.2 வோல்ட்டுக்கு இறங்கப் பத்து மணி நேரம் தாங்க வேண்டும். கேபாசிட்டரின் சொந்தக் கசிவால் ஆறு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, கசிவு குறைந்த வகை ஒன்றை அப்புறம் மாற்றினோம்.

பிவிசி கூடும் வீண் போகவில்லை. 0.09 வோல்ட்டால் ஒரு சென்சாரை ஓட்ட முடியாது, ஆனால் தூங்கும் சிப் ஒன்றை எழுப்ப அது தாராளம். விசிறியின் 197 ஹெர்ட்ஸ் கேட்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் காவல்காரனாக அதை அதே ரப்பர் கயிற்றில் விட்டு வைத்திருக்கிறோம். விசிறியின் சுரம் மாறினால் அது மௌனமாகிவிடும். வெயில் ஏறினாலும் மௌனமாகிவிடும், அதனால் கழுத்துக்குள் ஒரு துண்டுப் பஞ்சு சொருகிச் சுருதியை வேண்டுமென்றே மழுங்கடித்திருக்கிறோம்.